கடுகு போட்ட வண்டி

ப்ரொகோப்பி கையுறையைக் கழற்றிவிட்டு ஹீட்டர் துவாரத்தின் முன்னால் உள்ளங்கையை நீட்டியபடி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தான், யாராவது அதில் ஏதாவது போடுவார்கள் என்று காத்திருப்பவனைப் போல. என் சமையலறை ஜன்னலில் படிந்த உறைபனியை வாயால் ஊதி, கட்டைவிரலால் தேய்த்து, காசளவுக்கு ஓர் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். அதன் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்காலம் முழுக்க அந்த ஓட்டை மூடிக்கொள்ள நான் விடுவதில்லை. மூடினால் எனக்கு மூச்சு முட்டும். வெளியே மைனஸ் ஐம்பது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. புகைக்கு மேலே போகத் தெம்பில்லை, வண்டியைச் சுற்றியே படுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட நாளில் எங்கள் ஊரில் ஒருவன் கையுறையைக் கழற்றினால் ஏதோ பெரிய விவகாரம் என்று பொருள். நான் தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டேன்.

வண்டியின் கண்ணாடியைப் பார்த்தே உள்ளே யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுவேன். மந்திரமெல்லாம் இல்லை. ஆள் மூச்சு விட்டால் அவர் பக்கத்துக் கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துப்போகும். ஒருவர் உட்கார்ந்த வண்டியில் ஒரு கண்ணாடி வெளுக்கும், இரண்டு பேர் என்றால் இரண்டு. ஹீட்டர் உருக்கும்வரை சாட்சி அப்படியே நிற்கும். போன குளிர்காலத்தில் ஒருநாள் கால்நடை மருத்துவர் காலையில் என் கடைக்கு வந்து, "கிராமத்துலேர்ந்து தனியாத்தான் வந்தேன் உலியானா அக்கா, ஒரே போர்" என்றார். வாசலில் நின்ற அவர் வண்டியின் பக்கத்து சீட்டுக் கண்ணாடி பூப்பூவாக உறைந்திருந்தது. அவர் கேட்ட ஒரு ரொட்டியை இரண்டு ரொட்டியாகக் கட்டிக்கொடுத்தேன். அவரும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

ப்ரொகோப்பியின் வண்டிக்குள் இப்போது அவன் பக்கக் கண்ணாடி மட்டும் வெளுத்திருந்தது. மனைவி குன்னெய் புத்தாண்டுக்கு முன்பே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். மழலையர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். அவள் சிரித்தால் எங்கள் கட்டடத்தின் இரண்டு மாடிக்கும் கேட்கும். பள்ளியில் மயங்கி விழுந்தவளை விமானத்தில் கொண்டுபோனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்களாம். முந்தாநாள் மருத்துவர் ப்ரொகோப்பியைப் போனில் அழைத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. குன்னெய் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள்: தன் வீட்டுக் கட்டிலில் படுக்க வேண்டும்.

போகும்போது தூக்கிக்கொண்டு போக விமானம் உண்டு. திரும்பக் கொண்டுவர எந்த அலுவலகத்திலும் விதி கிடையாது. வாடகை வேன்காரர்களிடம் கேட்டான். உட்கார்ந்து வருகிற நோயாளி என்றால் சரி, படுத்து வருகிறவளை ஏற்றமாட்டோம் என்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வழியில் ஓர் உயிர் பிரிந்த வண்டியில் அதற்கப்புறம் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் ஏறமாட்டார்கள். ஓட்டுநர் அதை எரித்துவிட வேண்டியதுதான். எங்கள் முற்றத்து வண்டிகளோ நவம்பரிலேயே பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பனிக்குள் தூங்கப் போய்விட்டன. ஓடுகிற வண்டி ப்ரொகோப்பியுடையது ஒன்றுதான். அதில்தான் ஹீட்டர் குளிர்காற்றை ஊதிக்கொண்டிருந்தது. நகரத்துக்குப் போக ஒரு பகல் முழுக்க ஆகும், அதில் பாதி லேனா ஆற்றின் உறைந்த முதுகின் மேல். அந்தக் காற்றில் நல்ல ஆரோக்கியசாலியே விறைத்துப்போவான்.

முதலில் இறங்கி வந்தது யெகோர். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது லாரிதான், வாய் இல்லை. அவர் பின்னாலேயே பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தும் கவ்ரில் வாத்தியார். நான் ஒரு குடுவை தேநீரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். தேநீர் கையில் இருந்தால் எந்தக் கூட்டத்திலும் நிற்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

"தெர்மோஸ்டாட்டுதான்," என்றார் யெகோர். "கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

"கண்ணைத் திறந்து பாருங்கண்ணே," என்றார் வாத்தியார். "என்ஜின் சூட்டு முள்ளு பாதியில நிக்குது. தெர்மோஸ்டாட் திறந்தே கிடந்தா என்ஜின் சூடாகாது, முள்ளு ஏறுமா?"

"வாத்தியாரே, உம்ம வண்டி பனிக்குள்ள பொதைஞ்சு கெடக்கு. அதோட முள்ளு எங்க நிக்குதுன்னு மொதல்ல சொல்லும்."

ப்ரொகோப்பி இருவரையும் பார்க்காமல் மூடியைத் திறந்து, என்ஜினைச் சுற்றும் கூலன்ட் தண்ணீரின் அளவைப் பார்த்தான். முழுதாக இருந்தது. குளிர்காற்றைத் தடுக்க ரேடியேட்டருக்கு முன்னால் சொருகிய அட்டை இடத்திலேயே இருந்தது. என்ஜின்மேல் போர்த்திய கம்பளமும் அப்படியே. காற்று வருகிற வழியைத் திறந்து மூடும் தகடு சொன்னபடி ஆடியது. இத்தனையும் சரியாக இருந்ததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது. ஏதாவது ஒன்று உடைந்து கிடந்தால் நிம்மதியாக இருந்திருப்பான்.

யெகோர் விடவில்லை. தன் செத்துப்போன வண்டியிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். குளிர்காற்றுதான் வந்தது. அடுத்தது வாத்தியாரின் முறை. குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது, வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தினால் குமிழி மேலே வந்து வெளியேறிவிடும் என்றார். முற்றத்து மூலையில் பனியை வாரிக் குவித்த மேடு இருந்தது. கட்டடத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் இறங்கி வந்து தள்ளினார்கள். வண்டி அண்ணாந்து நின்றுகொண்டு உறுமியது. தள்ளிய வேகத்தில் காற்று வெளியேறியது என்னவோ யெகோரிடமிருந்துதான். அந்தக் குளிரிலும் எல்லோரும் சிரித்தோம். ப்ரொகோப்பிகூட உதட்டை இழுத்தான். பிறகு வண்டிக்குள் ஏறி உள்ளங்கையை நீட்டினான். நாங்கள் அவன் முகத்தைப் பார்த்தோம். சிரிப்பு ஒவ்வொருவரிடமாக நின்றது.

கடைசியில் அவனே என்ஜின்மேல் குனிந்து, ஹீட்டருக்குள் போகும் குழாய்கள் இரண்டையும் வெறுங்கையால் பிடித்துப் பார்த்தான்.

"ஒண்ணு சுடுது," என்றான். "இன்னொண்ணு செத்துக் கெடக்கு."

அந்தச் சொல்லை அந்த வாரம் யாரும் அவன் முன்னால் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அவனே சொல்லிவிட்டான். வாத்தியார், "அப்படின்னா உள்ளே அடைப்பு. சுடுதண்ணி போகுது, வெளிய வரலை," என்றார். இந்த முறை யெகோர் காரேஜ் சாவியை எடுத்தார்.

வண்டியை யெகோரின் காரேஜுக்குள் தள்ளி, விறகடுப்பை மூட்டினார்கள். குழாய் இரண்டையும் பிடுங்கிவிட்டு, காற்றுப் பம்பால் ஒருபக்கம் அடித்தார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, மறுபக்கத்திலிருந்து சளி மாதிரி ஏதோ வழிந்து, கீழே வைத்திருந்த வாளியில் விழுந்தது. மஞ்சளும் பழுப்புமாகக் கூழ். ஆண்கள் வாளியைச் சுற்றி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரு என்றார் ஒருவர். மலிவான கூலன்ட் கெட்டுப்போயிருக்கிறது என்றார் வாத்தியார். அடுப்புச் சூட்டில் அந்த வாடை மெல்ல எழுந்து என் மூக்குக்கு வந்தது. இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே எது எதுவென்று எனக்குத் தெரியும்.

"கடுகு," என்றேன்.

யெகோர் ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார். "அட, ஆமா. எவன்டா அவன் ரேடியேட்டர்ல கடுகுத்தூளைக் கொட்டினவன்?"

பழைய லாரிக்காரர்களின் வேலை இது. நடுக்காட்டில் ரேடியேட்டர் ஒழுகினால் கடுகுத்தூளைக் கொட்டுவார்கள். அது சூட்டில் ஊறி உப்பி, ஓட்டையைப் போய் அடைத்துக்கொள்ளும். வீடு போய்ச் சேர்ந்ததும் மொத்தத்தையும் கழுவிவிட வேண்டும். கழுவாமல் விட்டால் ஓட்டையை அடைத்த கடுகு மற்றதையும் தேடிப் போகும். ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரின் குழாய்களோ புல்லைவிட மெலிசு.

"நான் போடல," என்றான் ப்ரொகோப்பி.

"மறந்திருப்பே தம்பி," என்றார் வாத்தியார்.

"ரேடியேட்டர் ஒழுகினதே எனக்குத் தெரியாதுங்கறேன்."

"அப்ப பேய் வந்து போட்டுட்டுப் போச்சா?" என்றார் யெகோர். ப்ரொகோப்பி வாளியையே பார்த்தான். நான் காலியான தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த விஷயத்தை வாயில் வைத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி நடப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

செப்டம்பரில், ப்ரொகோப்பி வேறு ஊரிலிருக்கும் தன் மச்சானின் வண்டியில் மான் வேட்டைக்குக் காட்டுக்குப் போயிருந்த வாரத்தில், குன்னெய் என் கடைக்கு வந்து கடுகுத்தூள் பொட்டலங்களை அள்ளினாள். "என்னடி, பட்டாளத்துக்கே விருந்தா?" என்று கேட்டேன். "முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு, அக்கா," என்று சிரித்தாள். மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் தங்கையோடு காட்டுப்பழம் பறிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அப்போது ஆறு உறையவில்லை. படகுத்துறையில் வண்டியை ஏற்றிப் போக வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு வாளி சிவப்புப் பழத்தோடு வந்தாள். வாளியை நானும் எட்டிப் பார்த்தேன். ஓர் இலை இல்லை, ஒரு காம்பு இல்லை, ஒரு பாசி இல்லை. காட்டில் பறித்த பழம் அப்படி இருக்காது. நகரத்துச் சந்தையில் புடைத்துச் சுத்தம் செய்து விற்கிற பழம் அது. புருஷன் காட்டில் இருக்கும்போது ஒருத்தி எதற்காக நகரத்துக்குப் போய்விட்டுக் காட்டுக்குப் போனதாகச் சொல்வாள்? எங்கள் கட்டடத்துப் பெண்கள் எல்லோரும் அதற்கு ஒரே பதிலைத்தான் வைத்திருந்தோம். அந்த ஆள் யார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது.

குன்னெய்யின் அப்பா லாரி ஓட்டியவர், கடுகு வித்தை அவளுக்குத் தெரியும். ஒழுகுகிற ரேடியேட்டரை முற்றத்து ஆண்களிடம் காட்டியிருந்தால் எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்று யெகோர் கேட்டிருப்பார். யெகோர் கேட்காவிட்டாலும் நான் கேட்டிருப்பேன்.

சாயங்காலம் கடையைச் சாத்தப் போகும் நேரத்தில் ப்ரொகோப்பி வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை. தட்டுகளைப் பார்த்தான், உப்பு, சர்க்கரை, கடுகு, தீப்பெட்டி.

"எலுமிச்சை உப்பு எவ்வளவு இருக்கு அக்கா? எல்லாத்தையும் குடுங்க. சுடுதண்ணியில கரைச்சு ஊத்தினா கொஞ்சம் கரையும்னு வாத்தியார் சொல்றாரு."

எடுத்து வைத்தேன். அவன் பையில் போடாமல் நின்றான்.

"இந்தக் கடுகு வேற எங்கயும் கிடைக்குமா, உங்க கடையில மட்டுந்தானா?"

"இந்த ஊர்ல வேற கடை எங்க இருக்கு தம்பி?"

"செப்டம்பர்ல அவ வாங்கினாளா?"

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் கேட்டும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. பொட்டலங்களை அடுக்கினேன். அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினேன். "முட்டைக்கோஸ் ஊறுகாய்க்குன்னு சொன்னா," என்றேன்.

"நாங்க இந்தத் தடவை முட்டைக்கோஸ் போடலை அக்கா."

குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ஐம்பது டிகிரிக் குளிர் இருக்கும்போது குளிர்பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற முட்டாள்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் மான் கறியோட வந்தேன்ல," என்றான் அவன். "கட்டடம் பூராவுக்கும் சமைச்சா. நீங்க எல்லாரும் வந்தீங்க. பாடினா. நகரத்து டாக்டர்கிட்டப் போயிட்டு வந்திருக்கா, அன்னிக்கே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

அன்று நான் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த ஆண்பிள்ளை பக்கம் திரும்புகிறது என்று கண்டுபிடிக்க. அவள் சாயங்காலம் முழுக்க ப்ரொகோப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குக் கணக்கில் வரவில்லை.

"வண்டியில போகும்போது என் கால் சில்லுன்னு இருக்கும்," என்றான். "அக்டோபர்லேர்ந்து அப்படித்தான். வயசாகுதுன்னு நினைச்சேன்." பொட்டலங்களைப் பையில் வாரிப் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாள் பகல் முழுக்க எலுமிச்சை உப்புத் தண்ணீரை ஊற்றிச் சுற்றவிட்டார்கள், வடித்தார்கள், மறுபடி ஊற்றினார்கள். வாளி வாளியாகக் கடுகு வந்துகொண்டே இருந்தது. அத்தனை பொட்டலம் நான் விற்றேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கடைசியில் ஹீட்டரிலிருந்து ஏதோ வந்தது. யெகோர் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டி மூச்சு விடற மாதிரி இருக்கு," என்றார். அதுவும் ஓட்டுநர் பக்கம் மட்டும். புது ஹீட்டர் ரேடியேட்டர் கடலோரத்து ஊரிலிருந்து வர வேண்டும். பிப்ரவரிக் கடைசிக்குள் வரும் என்றார்கள். குன்னெய்யிடம் அவ்வளவு நாள் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் குன்னெய் போனில் அழைத்தாள்; நானும் தேநீரோடு காரேஜில் நின்றிருந்தேன். ப்ரொகோப்பியின் கையெல்லாம் கூழ். யெகோர் போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அமுக்கி, அவன் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"வண்டி எப்படி இருக்குங்க?" குரல் எங்கோ போர்வைக்கு அடியிலிருந்து வருவது போலிருந்தது. இரண்டு மாடிக்குக் கேட்ட குரல் அது.

"அடுப்பு மாதிரி இருக்கு. சட்டையோட ஓட்டலாம்."

"ஹீட்டர் நல்லா வேலை செய்யுதா?"

"உலியானா அக்காகூட உள்ள உக்காந்து பாத்தாங்க. வேர்த்துடுச்சு அவங்களுக்கு."

யெகோர் போனை என் பக்கம் திருப்பினார். "ஆமாடி," என்றேன். "கம்பளிக்கோட்டையே கழட்டிட்டேன்." எனக்குப் பொய் புதிதில்லை, ஆனால் சொல்லும்போதே கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டேன்.

அந்தப் பக்கம் மூச்சை இழுக்கும் சத்தம் வந்தது. "நல்லது," என்றாள் குன்னெய். "எனக்கு ஹீட்டரை நினைச்சுத்தான் கவலையா இருந்துச்சு." ப்ரொகோப்பி ஏதோ கேட்க வாயைத் திறந்தான். போன் வைக்கப்பட்டுவிட்டது.

விடியற்காலையில் கிளம்பினான். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே இரண்டு கம்பளங்களைத் திரையாகத் தைத்துத் தொங்கவிட்டோம், பின்னால் இருக்கிற சூடு முன்னால் ஓடிவிடாமல் இருக்க. பின்சீட்டில் முயல்தோல் போர்வை, அதன்மேல் வாத்தியாரின் தூங்கும் பை. கட்டடத்தில் இருந்த ரப்பர் பைகளையெல்லாம் வாங்கி அடுக்கினோம், ஆஸ்பத்திரியில் கொதிநீர் நிரப்பிக்கொள்ள. மான் எலும்புச் சாறு ஒரு குடுவையில். யெகோர் எங்கள் வழக்கப்படி காரேஜ் அடுப்பில் நெருப்புக்கு ஒரு துண்டு அப்பமும் வெண்ணெயும் போட்டு, வழியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி முணுமுணுத்தார். நெருப்பு வெண்ணெயைச் சாப்பிட்டு ஒரு துள்ளுத் துள்ளியது. நல்ல சகுனம் என்றார். அவர் எதையும் நல்ல சகுனம் என்பார்.

அன்று முழுக்க ஓட்டையில் ஊதிக்கொண்டே இருந்தேன். மறுநாள் நகரத்திலிருந்து புறப்பட்டுவிட்டதாக வாத்தியாருக்கு ஒரு செய்தி வந்தது. அவள் பின்சீட்டில் படுத்திருக்கிறாள், பாட்டு முணுமுணுக்கிறாள், ஆற்றைப் பார்க்கணுமாம், பின்கண்ணாடிகளை அவ்வப்போது நிறுத்திச் சுரண்டிவிடுகிறேன் என்று எழுதியிருந்தான். அதற்கப்புறம் ஆற்றின்மேல் போன் வேலை செய்யாது. நானும் இன்னொருத்தியும் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கட்டிலை ஜன்னலோரமாக நகர்த்தி, வெள்ளை விரிப்புப் போட்டு, சுவரோரத்து வெந்நீர் ரேடியேட்டர்மேல் தலையணையைச் சூடாக வைத்தோம். அவர்கள் சமையலறையில் அந்தச் சிவப்புப் பழம் ஒரு பெரிய ஜாடி நிறைய இருந்தது. யாரும் தொடவே இல்லை போலிருக்கிறது.

சூரியன் மூடுபனிக்குள் பழைய பித்தளை மாதிரி சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில் வண்டி முற்றத்துக்குள் திரும்பியது. மெதுவாக வந்தது, ஒரு மேட்டில்கூட குதிக்கவில்லை. என் அடுப்பில் எலும்புச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைக்காமல் ஜன்னலுக்கு ஓடினேன். வண்டி எங்கள் வாசலுக்கு நேராக நின்றது. என்ஜினை அவன் நிறுத்தவில்லை. கதவும் திறக்கவில்லை. அவன் பக்கத்துக் கண்ணாடி சுண்ணாம்பு அடித்தது போல் தடித்து வெளுத்திருந்தது. முன்கண்ணாடியில் சாலையைப் பார்க்க அவன் சுரண்டிய ஓட்டை என் ஓட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. யெகோர் காரேஜிலிருந்து வெளியே வந்து, இரண்டடி எடுத்து வைத்து, அங்கேயே நின்றார்.

அவன் சுரண்டிவிட்ட பின்சீட்டுக் கண்ணாடி ஒரு பூகூடப் பூக்காமல் துலக்கமாக இருந்தது. அதன் வழியாக முயல்தோல் போர்வையின் ஓரம் முடிமுடியாகத் தெரிந்தது. அதற்கப்பால் அந்தப் பக்கத்துக் கண்ணாடியும், அதற்கும் அப்பால் எங்கள் முற்றத்துப் பனிமேடும்கூடத் தெரிந்தன.

என் மூச்சுப் பட்டு என் ஓட்டை மூடிக்கொண்டது. கட்டைவிரலால் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தேன். மறுபடி தேய்த்தேன்.